யன்னல் பிளைன்ட் ஏறாமல் நின்றால்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுக்கு பிளைன்ட் தேவைப்படவில்லை. அகன்ற விறாந்தையும் தாழ இறங்கிய ஓட்டுக்கூரையும் வெயிலைச் சுவருக்குக் கிட்டவே விடவில்லை. இப்போது கட்டும் வீடுகளில் பெரும்பாலும் கொங்கிறீற் தட்டு, அகலக் கண்ணாடி, சுவர் மட்டத்திலேயே நிற்கும் அலுமினிய யன்னல். அதனால்தான் பிளைன்ட் வந்தது. சில வருடங்கள் போனால் அது ஏற மறுக்கிறது, அல்லது ஏற்றிவிட்டால் நிற்காமல் சரிந்து விழுகிறது. கடையில் கேட்டால் "புதுசு போடுங்கோ" என்பார்கள். ஆனால் அநேகமாகப் பழுதானது ஒரு கயிறு, இல்லாவிட்டால் விரல்நுனி அளவான ஒரு பிளாஸ்ரிக் துண்டு. மேலே இருக்கிற பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதை வீட்டிலேயே திருத்தலாம்.

முதலில் கிடைத் தகடுகள் அடுக்கிய பிளைன்ட். அதில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன: தகடுகளைச் சரிப்பது ஒன்று, முழுவதையும் ஏற்றி இறக்குவது மற்றது. சரிப்பதற்கு ஏணி மாதிரியான கயிறு இருக்கும். முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல், இடையில் படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரு தகடு. பக்கத்தில் தொங்கும் தடியைத் திருகும்போது மேல் பெட்டிக்குள் இருக்கும் கம்பி சுழன்று முன் நூலை மேலே இழுக்கும், பின் நூலைத் தாழவிடும். எல்லாத் தகடுகளும் ஒரே கோணத்தில் சரிவது இதனால்தான். தடிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு திருகாணிப் பல்லும் ஒரு பற்சில்லும் உண்டு. திருகாணியால் சில்லைச் சுழற்ற முடியும். சில்லால் திருகாணியைச் சுழற்ற முடியாது, ஏனென்றால் திருகாணியின் புரிச் சரிவு மிகக் குறைவு, உராய்வே வென்றுவிடும். அதனால் காற்று தட்டினாலும் தகடு வைத்த கோணத்திலேயே நிற்கும். தடி சும்மா சுற்றிக்கொண்டு தகடு அசையாவிட்டால், கம்பி சில்லை விட்டு விலகியிருக்க வேண்டும் அல்லது பல் தேய்ந்திருக்க வேண்டும். முதலாவது என்றால் கம்பியைத் திரும்பத் தள்ளிவிட்டால் சரி. இரண்டாவது என்றால் திருகாணியும் சில்லும் இருக்கும் சிறு கூட்டை மட்டும் மாற்றலாம்.

அதிகம் தொல்லை தருவது ஏற்றி இறக்கும் கயிறுதான். இதை இழுகயிறு என்று வைத்துக்கொள்வோம். அது பூட்டு ஒன்றுக்குள்ளால் போகிறது. பூட்டுக்குள் ஒரு பக்கம் ஒடுங்கிக்கொண்டு போகும் சரிவான தடம், அதற்குள் கோடு வெட்டிய சிறிய உலோக உருளை. கையை விட்டதும் பிளைன்டின் பாரம் கயிற்றைப் பின்னால் இழுக்கிறது. கயிறு உருளையையும் கூட இழுத்துக்கொண்டு போய் ஒடுங்கிய பக்கத்தில் செருகிவிடுகிறது. பாரம் கூடக் கூட உருளை இன்னும் இறுக்கமாகச் செருகும். பத்துக் கிலோ ஆனாலும் ஒரு கிலோ ஆனாலும் அதே பூட்டு தாங்குவதன் இரகசியம் இதுதான். பிடிக்கிற பலத்தைப் பாரமே கொடுக்கிறது. கயிற்றைச் சற்று இழுத்து ஒரு பக்கம் சாய்த்தால் உருளை அகன்ற பக்கத்துக்கு வந்து விடுபடும்.

இது வழுக்கத் தொடங்கினால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, தூசு அடைந்து உருளை தன் இடத்துக்கு நகராமல் நிற்பது. உரும்பிராய், சுன்னாகம் பக்கச் செம்மண் தூசு மிக நுண்ணியது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி, ஊதி எடுங்கள். தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடவே வேண்டாம். பூட்டு உராய்வில் வேலை செய்கிறது, எண்ணெய் அந்த உராய்வையே கெடுக்கும். போதாததற்குத் தூசையும் சேர்த்துப் பசையாக்கிக் கயிற்றை அரிக்கும். இரண்டாவது காரணம், கயிறே தேய்ந்து மெலிந்துபோவது. மெலிந்த கயிற்றை உருளையால் நெரிக்க முடியாது. வழக்கமாக எந்த உயரத்தில் நிறுத்துகிறீர்களோ அந்த இடத்தில் கயிறு பிசிறு விட்டிருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

கயிறு மாற்றுவது பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. பிளைன்டைக் கழற்றி மேசையில் நீட்டிப் போடுங்கள். அடிச்சட்டத்தின் கீழே சிறு மூடிகள் இருக்கும். அவற்றை நெம்பினால் கயிற்றின் முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்று நுனியோடு புதியதை முட்டவைத்து ஊசி நூலால் தைத்துவிடுங்கள். பிறகு மற்றப் பக்கத்தால் பழையதை மெதுவாக இழுத்தால் புதியது அதே வழியால் தானே போய்விடும். கயிறு ஏற்கெனவே அறுந்திருந்தால் ஒவ்வொரு தகட்டாகக் கோர்க்க வேண்டும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஏணியின் ஒரு படிக்கு இடப்பக்கம், அடுத்த படிக்கு வலப்பக்கம் என்று கயிறு மாறி மாறிப் போக வேண்டும். நேராகக் கோர்த்தால் ஏணிக் கயிறு தகட்டில் ஒரு பக்கமாக வழுகி விலகிவிடும்.

என்ன கயிறு வாங்குவது? மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் தங்கூசி பலமானதுதான், ஆனால் இதற்குச் சரிவராது. வழவழப்பான ஒற்றை இழையை உருளை பிடிக்காது. பின்னிய நைலோன் கயிறு பிடிக்கும், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி நீளும், வெயிலில் விரைவில் பலமிழக்கும். பின்னிய பொலியெஸ்டர் கயிறுதான் என் தெரிவு. தடிப்பை, பெட்டிக்குள் மறைந்திருந்த தேயாத பகுதியில் அளந்து, அதே அளவில் வாங்குங்கள். நுனியை லைற்றரால் இலேசாக உருக்கினால் பிரியாது.

வெயில் என்னதான் செய்கிறது? யன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரின் கடுமையான பகுதியைத் தடுத்துவிடும். மற்றப் பகுதியை உள்ளே விடும். அந்தக் கதிர்களின் ஆற்றல் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிறுகச் சிறுக அறுக்கப் போதுமானது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகப் பொருள் நொறுங்கும். பற்சில்லும் கொக்கிகளும் திடீரென்று உடைவது அதனால்தான். பிவிசி தகடு மஞ்சளாவதும் இதன் தொடர்ச்சிதான். வெப்பமும் ஒளியும் அதிலிருந்து ஐதரசன் குளோரைட்டை வெளியேற்றுகின்றன. மிஞ்சும் இரட்டைப் பிணைப்புகள் நீல ஒளியை உறிஞ்சுவதால் மஞ்சளாகத் தெரிகிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்த மஞ்சள் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை.

அலுமினியத் தகட்டுக்கு வேறு பகை. மெல்லிய அந்தத் தகடு வளையாமல் நிற்பது அதன் குறுக்கே உள்ள சிறு குழிவால். குழிவு நசுங்கி மடிந்த இடத்தில் உலோகம் நிரந்தரமாக உருமாறிவிடும். நிமிர்த்தினாலும் கோடு தெரியும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பிளைன்டின் அடியில் சில தகடுகள் மேலதிகமாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கயிற்றைக் கீழிருந்து அந்த உயரம் வரை உருவி, மடிந்ததை அடிக்கும் நல்லதை மேலுக்கும் மாற்றிவிடலாம்.

மூன்று பக்கமும் கடல், நடுவில் களப்பு என்று இருக்கும் ஊரில் உப்பைப் பற்றிப் பேசாமல் முடியாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீராகக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 வீதமே போதும். ஆகவே இங்கே தகட்டில் படிந்த உப்பு பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். அதிலுள்ள குளோரைட், அலுமினியத்தைக் காக்கும் ஒட்சைட்டுப் படலத்தைத் துளைத்து வெண்பொடியாக்கும். இரும்பு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். கறள் பிடித்த ஆணியைக் கண்டால் கறள் பிடிக்காத உருக்கு ஆணி போடுங்கள், நடுவே ஒரு பிளாஸ்ரிக் வாசர் வையுங்கள்.

உப்பைத் துடைக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நீர். காய்ந்ததும் கல்சியம் காபனேற்று வெண்புள்ளிகளாக நிற்கும். மாரியில் பிடித்த மழைநீர் மிக நல்லது. கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு நீர் கலந்த வினாகிரி தொட்டுத் துடைத்து, பின் நல்ல தண்ணீரால் அலசலாம். சலவைச் சோடா வேண்டாம், காரம் அலுமினியத்தைக் கரைக்கும். பிவிசி தகட்டை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி, துடைத்த தூசே திரும்பி வந்து ஒட்டும். ஒரு துளி சவர்க்காரம் கலந்த ஈரத்துணி போதும்.

இனி சுருட்டு பிளைன்ட். மணிச்சங்கிலி உள்ளதில், அசையாத அச்சைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். துணியின் பாரம் இழுத்தால் ஸ்பிரிங் மேலும் இறுகிப் பிடிக்கும். சங்கிலியை இழுத்தால் இளகும். குருநகர்த் துறையில் வள்ளத்துக் கயிற்றைக் கட்டையில் சில சுற்றுச் சுற்றிவிட்டு ஒருவர் நுனியை இலேசாகப் பிடித்திருப்பாரே, அதே கணக்குத்தான். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் குணகம் 0.2 என்றால் நான்கு சுற்றில் பிடி சுமார் 150 மடங்கு. இந்த அமைப்பிலும் எண்ணெய் விடக்கூடாது. சங்கிலி இல்லாமல் இழுத்து விடும் வகையை 1864இல் அமெரிக்கர் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷோர்ன் காப்புரிமை எடுத்தார். அது மெதுவாகச் சுழன்றால் தடுப்பு நாக்கு பள்ளத்தில் விழுந்து நிறுத்தும். வேகமாகச் சுழன்றால் நாக்கு வெளியே எறியப்பட்டு விடும். சோம்பலாக ஏறினால், பாதி இறக்கிக் கழற்றி, துணியைக் கையால் சுருட்டி மீண்டும் மாட்டுங்கள். ஸ்பிரிங்கின் முறுக்கு கூடிவிடும்.

திருத்திய பிளைன்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் ஊரைப் பொறுத்தது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகைக்கு அருகே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன் பின் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கம் நிற்கும். ஆகவே வடக்கு யன்னலுக்கு வெயில் வராது என்று இங்கே நம்ப முடியாது. யூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. மேற்கு யன்னலில், மார்ச், செப்ரெம்பர் பிற்பகுதியில் மாலை மூன்று மணிக்குச் சூரியன் 45 பாகையளவு உயரத்தில் இருக்கும். தகடுகள் கிடையாக இருந்தாலே நேர்வெயில் அநேகமாக நின்றுவிடும், காற்றும் வரும். ஐந்து மணிக்கு அது 15 பாகையளவுக்கு இறங்கிவிடும். அப்போது தகட்டின் வெளி விளிம்பைத் தாழ்த்த வேண்டும். வெளிப்புறம் வெளிர் நிறமாக இருப்பது நல்லது. வெளிர் தகடு ஒளியை ஒளியாகவே கண்ணாடிக்கு வெளியே திருப்பிவிடும். கடும் நிறம் அதை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டின் நீண்ட அலைக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாது.

கயிறு மாற்றுகிற அன்றைக்கே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கயிற்றின் தொங்கும் வளையம் சின்னப் பிள்ளைகளின் கழுத்தை நெரிக்கக் கூடியது. பல நாடுகளில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். இரண்டு கயிறுகளையும் கீழே ஒன்றாக முடியாமல் தனித்தனி நுனியாக விடுங்கள். மிச்சக் கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கியை நிலத்திலிருந்து 1.5 மீற்றருக்கு மேலே அடியுங்கள். மணிச்சங்கிலி என்றால் அதன் அடியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் பிடியைப் பூட்டுங்கள். தொட்டிலோ கட்டிலோ அந்த யன்னலுக்குக் கீழே இருந்தால் நகர்த்தி வையுங்கள்.