ஸ்கஃபோல்டிங்: சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி எடுப்பவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும்போது நான் அதிகமாகச் சிவப்பு வட்டம் போடுகிற சொல் இதுதான். ஸ்கஃபோல்டிங் என்று எழுதி, எதிரே 'ஆசிரியர் குழந்தைக்கு உதவுதல்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். தப்பு என்று அடிக்க முடியாது. ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுவதும் உதவிதான், அவசரத்துக்கு அதைச் செய்யத்தான் வேண்டும், ஆனால் அது ஸ்கஃபோல்டிங் ஆகாது. விட்டுப்போன மறுபாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல் வந்த வழி. ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மேடை என்பதுதான் அடிப்படைப் பொருள். நின்று வேடிக்கை பார்க்கவோ நாடகம் போடவோ அமைக்கிற மரமேடை. தூக்குமேடைக்கும் ஆங்கிலத்தில் இதே வேர்ச்சொல்தான். கட்டட வேலைக்குக் கட்டுகிற தற்காலிக மேடையையும் அப்படியே அழைத்தார்கள், பிறகு அந்தப் பொருளே முன்னுக்கு வந்துவிட்டது.

குழந்தைக் கல்விக்குள் இந்த உவமை ஊன்றியது 1976இல். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேரிடம், வயதுக்குப் பத்துப் பேராக, ஒரு மரப் பொம்மையைக் கொடுத்தார்கள். 21 மரக்கட்டைகள். சரியாகப் பொருத்தினால் ஆறு அடுக்குப் பிரமிடு வரும். ஒரு கட்டையில் முளை, இன்னொன்றில் குழி, அந்த மாதிரி. தனியாக விட்டால் அந்த வயதுக்குக் கடினம், பக்கத்தில் ஆள் இருந்தால் முடியும் என்கிற அளவில் வேண்டுமென்றே செய்த பொம்மை. பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன செய்தார், எப்போது பேசினார், எப்போது கையை வைத்தார் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, வயதுக்கு வயது அந்தப் பெரியவரின் வேலையே மாறிப்போனதுதான். மூன்று வயதுக் குழந்தைகள் சொல்வதைக் காதில் வாங்கவில்லை; அவர்களைப் பொம்மைப் பக்கம் இழுத்துப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. நான்கு வயதில் வாயால் சொல்லித் திருத்தினால் போதுமாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைகள் தாங்களே செய்துவிட்டு, சரிதானே என்று நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பொம்மை அதேதான், ஆளும் அதே ஆள்தான், உதவி மட்டும் மூன்று விதம்.

அந்தக் கட்டுரை பெரியவரின் வேலையை ஆறாகப் பிரிக்கிறது: ஆர்வத்தை இழுப்பது, வேலையைக் குழந்தை சமாளிக்கும் அளவுக்குச் சுருக்குவது, இலக்கை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்வது, கவனிக்க வேண்டிய இடத்தைச் சுட்டுவது, எரிச்சலை ஆற்றுவது, செய்துகாட்டுவது. தேர்வுக்கு ஆறையும் மனப்பாடம் செய்கிறார்கள், சரி. ஆனால் கடைசியாக வரும் செய்துகாட்டலைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆசிரியர் தன் வழியில் முதலிலிருந்து செய்துகாட்டுவது இல்லை அது. குழந்தை பாதி முயன்று வைத்திருப்பதை எடுத்து, அதன் வழியிலேயே முழுமையாக்கிக் காட்டுவது.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி இங்கே எங்கே வருகிறார் என்று அப்புறம் கேட்பீர்கள். பயிற்சிக் குறிப்புகளில் ஸ்கஃபோல்டிங்கை அவர் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். அவர் 1934இல் இறந்துவிட்டார். அவர் கொடுத்தது வேறு சொல்: தனியாக முடிவதற்கும் துணையோடு முடிவதற்கும் இடையில் இருக்கும் வெளி. தமிழில் அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறோம். இரண்டும் நன்றாகப் பொருந்தியதால் பின்னால் வந்தவர்கள் ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். மண்டலம் என்பது இடம், ஸ்கஃபோல்டிங் அந்த இடத்தில் நாம் செய்கிற வேலை.

இனி தமிழ்ச்சொல். நான்கைந்து பரிந்துரைகள் புழங்குகின்றன, எல்லாவற்றையும் வகுப்பில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

'முட்டுக் கொடுத்தல்' ஒன்று. முட்டு, சாய்கிற சுவருக்குக் கொடுப்பது. குழந்தை சாய்கிற சுவர் இல்லை, எழும்புகிற சுவர். போதாததற்கு இணையத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருளே நிலைத்துவிட்டது. 'கொழுகொம்பு' கேட்க அழகாக இருக்கிறது, எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் கொடி கொழுகொம்பை விடவே விடாது. பாரி கொடுத்த தேரில் படர்ந்த முல்லை அப்புறம் தேரைத் திருப்பிக் கொடுத்ததாகக் கதை இல்லையே. 'படிநிலை உதவி' பொருளைத் தொடுகிறது, ஆனால் மனத்தில் படம் எதுவும் எழவில்லை.

சாரம்தான் சரி. அதற்கு நான் சொல்லும் காரணம் வழக்கமாகச் சொல்வது அல்ல. 'கட்டடத்தைத் தாங்குவதுபோல் குழந்தையைத் தாங்குகிறோம்' என்று விளக்குவார்கள். கட்டட வேலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள், சாரம் கட்டடத்தைத் தாங்குவதில்லை. சுவருக்குப் பூசுகிறவர் ஏறி நிற்கத்தான் சாரம். தாங்குவது சென்டரிங், ஈரக் கான்கிரீட்டை அச்சில் ஊற்றி, இறுகும்வரை பிடித்து நிற்பது அது. சென்டரிங்கை உவமையாக்கினால் குழந்தை நாம் ஊற்றும் கலவை ஆகிவிடும். சாரத்தை உவமையாக்கினால் குழந்தை கரண்டி பிடித்த கொத்தனார். எட்டாத உயரத்துக்கு அதை ஏற்றிவிடுவது மட்டும் நம் வேலை, பூச்சு அதனுடைய கையால். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஒரு சிக்கல் உண்டு. சாரம் என்றால் சாறு, பிழிவு என்ற பொருளும் இருக்கிறது. 'கற்றல் சாரம்' என்று எழுதினால் பாடச் சுருக்கம் என்று படிப்பார்கள். இலங்கைத் தமிழில் இடுப்பில் கட்டுவதும் சாரம்தான். ஆகவே பெயராக எழுதும்போது சாரக்கட்டு என்றே எழுதுங்கள். வினையாக வரும்போது 'சாரம் கட்டுதல்', 'சாரம் பிரித்தல்'. இந்த இரண்டாவது வினைதான் குறிப்பேடுகளில் விட்டுப்போகிற பாதி. பிரிப்பதற்கென்றே கட்டுவதுதான் சாரம். உதவி என்ற சொல்லுக்குள் முடிவு கிடையாது, சாரம் என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

ஒரு பையன், நான்கு வயது, சட்டைப் பட்டன் போட வராது. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அவனோடு உட்கார்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் அவளே பட்டனைக் காஜாவுக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் விளிம்பை இழுக்க மட்டும் அவனை விட்டாள். இழுத்தான், வந்துவிட்டது, சிரித்தான். இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. பிறகு காஜாவை விரித்துப் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டாள், நுழைப்பது அவன் பொறுப்பு. ஒருநாள் அவன் தப்பான காஜாவில் திணித்துவிட்டு அழப் பார்த்தபோது, உடனே ஒரு படி இறங்கி மறுபடி பாதி நுழைத்துக் கொடுத்தாள். அது சரியாக வந்ததும் அடுத்த பட்டனுக்குக் கையை எடுத்துவிட்டாள். தடுமாறினால் ஒரு படி கூட்டு, முடித்தால் ஒரு படி குறை. 'கண்டின்ஜென்ட்' உதவி என்று பாடத்தில் வருவது இதைத்தான். நான் அதை 'அளவறிந்த உதவி' என்று எழுதச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அவள் செய்தது, கையைக் கட்டிக்கொண்டு 'கீழேயிருந்து ஆரம்பி' என்று சொன்னது மட்டும். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. அவன் தலையைக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து பட்டனையும் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பக்கூட இல்லாமல் விளையாட ஓடிவிட்டான்.

அன்று அவளுடைய குறிப்பேட்டில் ஸ்கஃபோல்டிங்குக்கு எதிரே எழுதியிருந்தது: 'சாரம் பிரித்தாயிற்று.' நான் வட்டம் போடவில்லை.