ஹப்பை ரீசெட் செய்யும் முன்

ஸ்மார்ட் ஹோம் ஹப் என்பது வீட்டு விளக்கு, சென்சார், மோட்டார் எல்லாவற்றையும் இணைத்து இயக்கும் சின்னப் பெட்டி. பல ஹப்புகளில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். இணைப்பு விட்டுப்போனதும் தயவுசெய்து அதில் பின்னைக் குத்தாதீர்கள். சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடுகளுக்கு இந்தக் கருவிகளைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். "அடிக்கடி ஆஃப்லைன் போகுதுன்னு ரீசெட் போட்டேன் சார், இப்போ எதுவுமே வேலை செய்யல" என்ற போன் திரும்பத் திரும்ப வருகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் நீங்கள் சேர்த்து வைத்த விளக்குகள், சென்சார்கள், மோட்டார் ஓடவேண்டிய நேரங்கள் எல்லாம் அழிந்துவிடும். பழுது மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் பெரும்பாலும் பழுது ஹப்பில் இருப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள நெட்வொர்க்கில் இருக்கிறது.

எங்கே அறுகிறது என்று முதலில் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது எல்லாம் வேலை செய்கிறது, பெங்களூரில் இருக்கும் மகனால் மட்டும் பார்க்க முடியவில்லை என்றால் கோளாறு ரூட்டருக்கு வெளியே. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம், நெட் கம்பெனிக்குத்தான் போன் செய்ய வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் ஹப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் பாருங்கள். பின்வாசல் சென்சார் மட்டும், மாடி விளக்கு மட்டும் என்றால் கருவிக்கும் ஹப்புக்கும் நடுவில். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே வேலை பாதி முடிந்த மாதிரி.

நடுப்பகுதிக் கோளாறுகளில் அதிகம் பார்ப்பது ரூட்டர் இருக்கும் இடம். ஃபைபர் போட வந்தவர் வாசல் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அல்லது அசிங்கமாகத் தெரிகிறது என்று டிவிக்குப் பின்னால், பரணில், இரும்பு பீரோவின் மேல் ஒளித்து வைத்திருப்பார்கள். இரும்பும் கான்கிரீட்டும் தண்ணீர்த் தொட்டியும் சிக்னலைத் தின்றுவிடும். வை-ஃபையின் பலத்தைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டு, ஹப் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் அளவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 75ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் அந்த ஹப் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். உங்கள் ஹப்பில் லேன் துளை இருந்தால் என் முதல் சிபாரிசு, அதைக் கேபிள் போட்டு ரூட்டரோடு நேராக இணைத்துவிடுவது. மற்ற எந்தத் திருத்தத்தையும் விட இதற்குப் பலன் அதிகம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் கிளிப் போடும் இடத்தில் சீக்கிரம் ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வை-ஃபையில்தான் ஓட்ட வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள். மலிவான ஸ்மார்ட் பிளக், பல்பு, பல ஹப்புகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டர் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் புதுக் கருவியைச் சேர்க்கும்போது தகராறு வரும். அந்த நேரத்துக்காவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். அப்புறம், ரூட்டர் அமைப்புக்குள் போய் ஹப்பின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான எண்ணை, நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். முகவரி மாறினால் சில கருவிகள் ஹப்பைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். நெட் கம்பெனி கொடுத்த பெட்டியும் வை-ஃபை தரும், வீட்டுக்காரர் கடையில் வாங்கிய ரூட்டரும் தரும். ஹப் ஒன்றில், போன் இன்னொன்றில். இரண்டும் தனித்தனி நெட்வொர்க், அதனால் போனுக்கு ஹப் கண்ணிலேயே படாது. ஒரு பெட்டியில் வை-ஃபையை நிறுத்திவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் கடை ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள், அப்போது அது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் அதே நெட்வொர்க்கின் வை-ஃபையை மட்டும் தரும்.

ஜிக்பீ சென்சார்கள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிக்பீ என்பது சின்னக் கருவிகள் ஒயர் இல்லாமல் ஹப்போடு பேசும் ஒரு முறை. ஜிக்பீயும் வை-ஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அடுக்குமாடி வீட்டில் நின்று பார்த்தால் அக்கம்பக்கத்து வை-ஃபை பெயர்கள் திரை முழுக்க வரும். அத்தனையும் ஒரே அலைவரிசையில் நெரிக்கின்றன. உங்கள் ரூட்டரை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 என்ற சேனல்களில் ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஜிக்பீயின் 15, 20 சேனல்கள் அந்த மூன்றுக்கும் இடைவெளியில் விழுகின்றன, 25 அவற்றைத் தாண்டி விழுகிறது. ஜிக்பீ சேனலை மாற்றினால் சில கருவிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும், நேரம் ஒதுக்கிக்கொண்டு செய்யுங்கள். ஹப்பை ரூட்டரின் மேலேயே அடுக்கி வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சிறிய கம்ப்யூட்டரில் ஜிக்பீ யூ.எஸ்.பி. குச்சி செருகி ஹப்பாக வைத்திருப்பவர்கள் அந்தக் குச்சியை ஒரு நீட்டிப்பு ஒயரில் விலக்கி வையுங்கள். யூ.எஸ்.பி. 3.0 துளைகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே அளந்து வெளியிட்டிருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ராத்திரி ஆனால் மட்டும் பின்வாசல் சென்சார் காணாமல் போகிறதா? சுவரில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். ஜிக்பீயில் மின்சாரத்தில் ஓடும் பெரும்பாலான பல்புகளும் பிளக்குகளும் பக்கத்துக் கருவியின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரி சென்சார்கள் கடத்தாது. நம் வீடுகளில் படுக்கப் போகும்போது பாட்டியோ அம்மாவோ ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வருவார்கள். சுவிட்சை அணைத்தால் அந்த ஸ்மார்ட் பல்பு செத்துவிடும், அதை நம்பியிருந்த கதவு சென்சார் அனாதையாகிவிடும். பெரியவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவர்கள் செய்வது சரியான பழக்கம். நாம்தான் கருவிகளை அதற்கேற்ப வைக்க வேண்டும். யாரும் அணைக்காத பிளக் பாயின்ட் ஒன்றில், ஃபிரிட்ஜ் பக்கமோ ஹாலிலோ, ஒரு ஜிக்பீ பிளக்கை மாட்டுங்கள். அது இரவு முழுக்கக் கடத்திக்கொண்டிருக்கும். புதிதாக வாங்குபவர்கள் ஸ்மார்ட் பல்புக்குப் பதில் சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தும் மாட்யூலை வாங்கலாம். பெட்டியில் நியூட்ரல் ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்கள் பெரும்பாலும் செய்தியைக் கடத்துவதில்லை.

அடுத்தது கரண்ட். மின்சாரம் போய் வந்தால் ஹப் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து நெட் வாங்குவதற்குச் சில நிமிடம் ஆகும். அதற்குள் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும் ஹப்புகள் உண்டு. அப்போது ரீசெட் வேண்டாம். ரூட்டர் நிலைக்கு வந்ததும் ஹப்பின் ஒயரைக் கழற்றி மாட்டினால் போதும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் கூட ரூட்டர் மாட்டிய பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல் இருப்பதைப் பார்க்கிறேன். லைனில் இருந்தாலும் மாறும் அந்த நொடித்துளியில் ரூட்டர் அணைந்து எழலாம். பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாறுவது வேகமாக நடக்கும். போர் மோட்டார் போடும்போது வோல்டேஜ் இறங்கி ரூட்டர் அணைவதும் உண்டு. ரூட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி ரூட்டரோடு ஹப்பையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள், ஆனால் ஹப் எத்தனை வோல்ட் கேட்கிறது என்று பார்த்துவிட்டு.

ஏற்காட்டில் சங்கதி வேறு. காபித் தோட்டத்துப் பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரை வை-ஃபை தாண்டாது. ஒவ்வொரு பகுதிக்கும் கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி. பங்களாவிலிருந்து காவலாளி வீட்டுக்கோ பம்ப் ரூமுக்கோ செம்புக் கேபிளை மரத்துக்கு மரம் கட்டி இழுத்துவிடுகிறார்கள். இது ஆபத்து. சித்திரை, வைகாசி இடிமழையில் பக்கத்தில் மின்னல் விழுந்தாலே அந்த ஒயரில் பாய்ந்து இரண்டு பக்கமும் கருவிகள் கருகிவிடும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டினால் சிக்னலும் நிற்காது. கட்டடத்துக்குக் கட்டடம் உலோகம் இல்லாத ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் தனியாக வாழும் வீடுகளில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. காஸ் கசிவு அலாரம் நெட் இல்லாமலே அங்கேயே அலற வேண்டும். மோட்டாரும் விளக்கும் கையால் போட்டால் எரிய வேண்டும், ஓட வேண்டும். இதைச் சோதிக்காமல் கருவி பொருத்தியவருக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் முன்னாலேயே நெட்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு சுவிட்சாக நீங்களே அமுக்கிப் பாருங்கள், அலாரத்தின் டெஸ்ட் பட்டனையும் அழுத்துங்கள். எது நின்றுபோகிறது என்று ஒரு தாளில் எழுதி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.