நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் காதுக்குக் கவசம் இல்லை

இந்த மாதமும் ஒரு பையன் காது பரிசோதனைக்கு என்னிடம் வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காதில் 'ஙொய்' என்று சத்தம் நிற்காமல் கேட்கிறது, ராத்திரி தூக்கமே வரவில்லை என்றான். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்தால், இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் குறைந்து கோடு பள்ளமாக இறங்கி நிற்கிறது. விசைத்தறி இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களிடம் பார்க்கிற அதே பள்ளம். தினமும் எவ்வளவு நேரம் ஹெட்போன் என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "சாதா ஹெட்போன் இல்லீங்க மேடம், நாய்ஸ் கேன்சலிங். காதுக்கு நல்லதுன்னுதான் அவ்வளவு காசு குடுத்து வாங்கினோம்."

இதை இன்னொரு தடவை கேட்டால் எனக்கே காதில் இரைச்சல் வந்துவிடும்.

அந்த ஹெட்போன் அடக்குவது வெளியே இருக்கும் சத்தத்தை மட்டும்தான். நீங்கள் உள்ளே ஓடவிடும் பாட்டையோ கேமையோ அது ஒரு டெசிபல்கூடக் குறைக்காது. 95 டெசிபலில் வைத்தால் 95தான் காதுக்குள் போகும். இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போன் என்றாலும் முப்பதாயிரம் என்றாலும் இதே கணக்குதான். அப்படியானால் காதுக்கு என்ன லாபம்? பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை மிஞ்சத்தான் வால்யூமை ஏற்றுகிறோம். எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டால் ஏற்ற வேண்டியதில்லை. லாபம் அவ்வளவுதான், அதுவும் வால்யூமை நீங்கள் கையால் இறக்கினால். இறக்காமல் பழைய அளவிலேயே கேட்டால் காதுக்காக வாங்கினேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75. அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபலாக ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே நாலு மணி நேரம். 95 என்றால் ஒன்றேகால் மணி. ஒரு நாளைக்கு இல்லை, வாரத்துக்கு!

சரி, பயணத்துக்கு எதை வாங்குவது? விமானத்தின் இரைச்சல், ரயில் ஏசி பெட்டியின் உறுமல் மாதிரி ஒரே சீராக ஓடும் கனத்த சத்தத்தை இந்தத் தொழில்நுட்பம் நன்றாகவே அடக்கும். குழந்தை அழுகை, ஏர் ஹாரன், பக்கத்து சீட்காரர் ஸ்பீக்கரில் போடும் ரீல்ஸ் இதற்கெல்லாம் அது பெரிதாக உதவாது. அவற்றைத் தடுப்பது ஹெட்போனில் காதை மூடும் மெத்தையும் இயர்பட்ஸின் ரப்பர் முனையும்தான். அதனால் கடையில் முதலில் நாய்ஸ் கேன்சலிங்கை ஆஃப் செய்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள பேச்சுச் சத்தம் அப்போதே குறைய வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள், அந்தக் கம்பி இடுக்கு வழியாகத்தான் சத்தம் நுழையும். இயர்பட்ஸ் பெட்டியில் வேறு வேறு அளவில் ரப்பர் முனை வைத்திருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பிரித்ததே இல்லை. ஆன் செய்ததும் காது அடைத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், காற்றழுத்தம் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் அந்த மாடல் வேண்டாம்.

நைட் பஸ்ஸில் தூங்க மட்டும்தான் வேண்டும் என்றால் ஹெட்போனே எதற்கு? மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர்பிளக் கிடைக்கும். மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வையுங்கள். சும்மா வாசலில் ஒட்ட வைத்துவிட்டு 'வேலை செய்யலை' என்று சொல்லாதீர்கள்.

கேம் ஆடுகிறவர்களுக்குக் கதையே வேறு. ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், மைக்கை ஆன் செய்தால் கம்ப்யூட்டரில் ஒலித்தரமும் இறங்கிவிடும். வயர் நல்லது, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் டாங்கிள். ராத்திரி ஒரு மணிக்குச் சாத்திய அறையில் ஃபேன் சத்தத்தைத் தவிர அடக்க என்ன இருக்கிறது? அங்கே நாய்ஸ் கேன்சலிங்குக்குக் காசு கொடுக்காமல் நல்ல மைக்குக்குக் கொடுங்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில். எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றி வைப்பார்கள். அதே அளவில்தான் துப்பாக்கியும் கிரனேடும் வெடிக்கும். கேம் செட்டிங்கில் நைட் மோட் இருந்தால் போடுங்கள், பெரிய சத்தத்தைத் தணித்து சின்னதைத் தூக்கித் தரும். ஐபோனில் 'ஹெட்போன் பாதுகாப்பு' என்ற இடத்தில் டெசிபல் வரம்பே வைக்கலாம். பெற்றோரே, திட்டுவதை விட்டுவிட்டு அதை வைத்துக் கொடுங்கள். ரோட்டிலும் தண்டவாளத்துப் பக்கமும் கழற்றிவிடுங்கள், இதற்கெல்லாம் விளக்கம் வேண்டியதில்லை. பட்டறையில் கிரைண்டர் ஓட்டும்போது இதையே காதுக் காப்பாகப் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

இன்னொன்று. ஹெட்போன் போட்டாலும் போடாவிட்டாலும், திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் சளி, அழுக்கு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்காராதீர்கள். அன்றைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள், மிஞ்சிப்போனால் மூன்று நாளுக்குள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.