‘தொழில்முறை நோய்’ அல்ல, தொழில்நோய்

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில், இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமத்சீனி ‘தொழில்முறை நோய்களின் தந்தை’ ஆகியிருந்தார். செய்யும் வேலையால் வரும் நோய்களைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். இதே தொடரை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு முறையும் அடித்துத் திருத்துகிறேன், அடுத்த கட்டுரையில் மறுபடி வந்து நிற்கிறது. அதனால் ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தொழில்முறை ஆட்டக்காரர், தொழில்முறை நாடகக்குழு என்கிறோம். ஆசைக்காகச் செய்யாமல் பிழைப்பாகவே ஒன்றைச் செய்பவர் என்பது அங்கே பொருள். நோயோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் அர்த்தமே இல்லை. இத்தாலியச் சட்டத்தில் இந்த நோயின் பெயர் ‘மலத்தீயா புரொஃபெஸ்ஸியொனாலே’. அந்தக் கடைசிச் சொல்லுக்கு ‘தேர்ந்தவருடைய’ என்றும் பொருள் உண்டு, ‘செய்யும் தொழிலைச் சேர்ந்த’ என்றும் பொருள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார்.

இந்த நோய்களைப் பார்க்கும் மருத்துவத் துறையின் பெயர் ‘மெதிச்சினா தெல் லவோரோ’. லவோரோ என்பது ‘லாபோர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லாபோர் என்றால் உழைப்பு, துன்பம் இரண்டுமே. தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘பாடு’. பாடுபடுவதும் பாடு, பட்ட பாடும் பாடுதான். பாட்டாளி என்ற சொல் அங்கிருந்தே வருகிறது. ஆனாலும் ‘பாட்டு மருத்துவம்’ என்று எழுதினால் இசையால் நோய் தீர்ப்பது என்றே எல்லோரும் படிப்பார்கள். ஆகவே ‘தொழில்’ போதும். நம் இலக்கணத்தில் ‘தொழிற்பெயர்’ என்றால் செயலின் பெயர்: நடத்தல், உண்ணல், சுமத்தல். தொழில் என்பது முதலில் செய்வது, பிறகுதான் பிழைப்பு. அந்தப் பழைய பொருள் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

சரி, இப்போது போட்டிச் சொற்களுக்கு வருவோம். ‘தொழிற்துறை மருத்துவம்’ என்று ஒரு கூட்டம் எழுதுகிறது. முதலில் அந்த எழுத்துக்கூட்டலே பிழை. தமிழில் ற் என்ற மெய்க்குப் பின் த் வராது. தொழில்துறை என்று எழுதுங்கள், அல்லது பழைய முறையில் தொழிற்றுறை என்று எழுதுங்கள். அது கிடக்கட்டும், பொருள் இன்னும் மோசம். தொழில்துறை என்றதும் நமக்கு ஆலை நினைவுக்கு வருகிறது, அதன் முதலாளியும் நினைவுக்கு வருகிறார். இந்த நோய்களைப் பற்றிய தன் நூலை ரமத்சீனி மோதெனா நகரில் வெளியிட்டது 1700இல். அப்போது இன்று நாம் சொல்லும் ஆலைகள் எங்கே இருந்தன?

அவருக்கு இந்த எண்ணம் வந்ததே தன் வீட்டுக் கழிவுக்குழியில்தான். குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஆள் மூச்சுவிடாமல் வேகவேகமாக வேலை செய்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று ரமத்சீனி கேட்டார். இதற்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்பது இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், குருடாவதும் இதுவும் ஒன்று என்று அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் அவர் கண்களைச் சோதித்தார் மருத்துவர். சிவந்து, மங்கிப்போயிருந்தன. இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், நேராக வீட்டுக்குப் போய் மறுநாள் வரை இருட்டறையில் அடைந்து கிடப்போம், வெதுவெதுப்பான நீரில் கண்ணைக் கழுவுவோம் என்றார்.

இப்படித் தொடங்கிய நூல், 1713இல் பாதுவாவில் வந்த விரிவான பதிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைத் தொட்டது. பாதரசத்தால் பொன் முலாம் பூசுபவர், ஈய மெருகு பூசும் குயவர், மருத்துவச்சி, நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் எழுத்தர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். நூலின் லத்தீன் தலைப்பிலேயே ‘ஆர்த்திஃபிக்கும்’ என்று இருக்கிறது, அதாவது ‘தொழில் செய்பவர்களின்’. துறையும் இல்லை, ஆலையும் இல்லை. கழிவுக்குழிக்குள் இறங்கிய மனிதரைத் ‘தொழில்துறை’ என்ற சொல்லுக்குள் எப்படி அடக்குவீர்கள்?

அடுத்தது ‘பணியிட நோய்’. இதன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, சில இடங்களில் பொருந்தவும் செய்கிறது. 1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்டார்டு சுரங்கப்பாதை போட்டபோது, வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர். அவர்களை இரத்தச்சோகையால் வெளுத்துப்போக வைத்தது குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு என்பதை 1880இல் தூரினோ நகர ஒட்டுண்ணி ஆய்வாளர் எதுவார்தோ பெரொன்சித்தோ காட்டினார். மலம் கலந்த, வெதுவெதுப்பான, ஈரச் சேறு. அங்கே நோய் இடத்திலேயே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காசாலே மொன்ஃபெர்ராத்தோ என்ற வட இத்தாலிய ஊரைப் பாருங்கள். அங்கிருந்த எத்தர்னித் நிறுவனத்தின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் ஆலை 1986இல் மூடப்பட்டது. 1992இல் இத்தாலி கல்நாரையே தடை செய்தது. அதற்குப் பிறகும் அந்த ஊரில் நுரையீரல் உறைப் புற்றுநோயால் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். கணவரின் வேலை உடுப்பை வீட்டில் உதறித் துவைத்த பெண்களுக்கும் அது வந்தது. அவர்கள் எந்தப் பணியிடத்துக்குப் போனார்கள்? தொழில்நோய்களுக்காக 1934இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் கட்டாயக் காப்பீட்டின் முதல் பட்டியலில் ஆறே காரணங்கள்: ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், கார்பன் டைசல்பைடு, பென்சீன், கொக்கிப்புழு. கடைசி ஒன்றை விட்டால் மற்ற ஐந்தும் கையாளும் பொருள்கள். அந்தப் பொருள் உடம்போடும் உடுப்போடும் வீடுவரை கூடவே வரும்.

ஆகவே நோய்க்குத் தொழில்நோய், துறைக்குத் தொழில் மருத்துவம். தொழில்நுட்பத்தை எப்படிச் சொல்கிறோமோ அப்படியே. நடுவில் ‘சார்’ போட்டுத் ‘தொழில்சார் நோய்’ என்று எழுதுவதில் பிழை இல்லை, தேவையும் இல்லை. மிலானோவில் மருத்துவர் லூயிஜி தெவோத்தோ 1910இல் திறந்த ‘கிளினிக்கா தெல் லவோரோ’வைத் தொழில் மருத்துவமனை என்றால் யாருக்குப் புரியாது?

‘இஜியெனே தெல் லவோரோ’வைத் ‘தொழில் துப்புரவு’ ஆக்குவதும் நடக்கிறது. தூசி எவ்வளவு, ஆவி எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, உடம்பைத் தொடுமுன் தடுப்பதுதான் அந்த வேலை. துடைப்பத்துக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் ஓரமாகத்தான். தொழில் சுகாதாரம் என்றே எழுதலாம். சுகாதாரம் வடசொல்லாயிற்றே என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். புரிகிற சொல்லைத் தூக்கியெறிய எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த இடம் வேறு. அதே மொழிபெயர்ப்பில் ‘மேதிக்கோ கொம்பெதெந்தே’ என்பவர் ‘திறமையான மருத்துவர்’ ஆகியிருந்தார். ‘நிறுவனம் ஒரு திறமையான மருத்துவரை நியமிக்க வேண்டும்’ என்று வாக்கியம். இத்தாலியச் சட்ட நடையில் கொம்பெதெந்தே என்றால் ‘இதற்கு உரியவர்’. 2008ஆம் ஆண்டின் 81ஆம் எண் சட்டப்படி குறிப்பிட்ட தகுதிகள் பெற்று, முதலாளியால் நியமிக்கப்பட்டு, தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கும் மருத்துவர் அவர். திறமையான மருத்துவர் என்று போட்டால், ஊரில் கைராசி உள்ள டாக்டர் யாராக இருந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. சட்டம் சொன்ன கடமை அங்கே காணாமல் போகிறது. நான் ‘சட்டப்படி உரிய மருத்துவர்’ என்று திருத்தினேன்.

ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டேன். வேலையில் நேரும் சாவுகளை இத்தாலியர்கள் ‘மொர்த்தி பியாங்கே’, வெள்ளைச் சாவுகள் என்கிறார்கள். கொன்ற கை எதுவும் இல்லாததுபோல அந்தச் சொல் காட்டுகிறது என்று அவர்களிலேயே பலர் அதை வெறுக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ‘வெள்ளைச் சாவுகள்’ என்றே போட்டிருந்தார். அதை மாற்றினால் அந்த வெறுப்புக்குக் காரணமே தமிழில் தெரியாது. ஓரத்தில் இரண்டு வரி விளக்கம் மட்டும் எழுதி அனுப்பினேன்.