400 எம்பி அப்டேட்டுக்கு 30 ஜிபி இடம் எதற்கு?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஏ.எல். பரீட்சை முடிந்த கையோடு, தன்னிடம் இருந்த கேமுக்கு எக்ஸ்பான்ஷன், அதாவது கூடுதல் பகுதி ஒன்று, வாங்கியிருக்கிறார். கேமை இறக்கி அப்டேட் செய்யும் புரோகிராமான லோஞ்சர் '400 எம்பி டவுன்லோட்' என்றுதான் காட்டியதாம். தொடங்கிய பிறகு, ஹாட் டிஸ்க்கில் இடம் போதாது, இன்னும் 30 ஜிபி வேண்டும் என்று நின்றுவிட்டது. "இது என்ன அண்ணா கணக்கு? கூட்டாளியிடம் இதே கேம் எல்லா அப்டேட்டோடும் இருக்கிறது. பென் ட்ரைவில் கொப்பி பண்ணினால் சரிவராதா?"

சரிவரும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 30 ஜிபி.

லோஞ்சர் இல்லாத காலத்தில் எக்ஸ்பான்ஷன் எளிமையான விஷயம். 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கேமின் படம், சத்தம், வரைபடம் எல்லாம் 'ஸ்டார்டாட்' என்ற ஒரு பெரிய பைலுக்குள் இருக்கும். அதே வருடம் வந்த ப்ரூட் வார் எக்ஸ்பான்ஷன் அந்தப் பைலைத் தொடவில்லை. 'ப்ரூடாட்' என்று இன்னொரு பைலைப் பக்கத்தில் வைத்தது. பிழைதிருத்தங்கள் மூன்றாவதாக ஒரு சின்னப் பைலில். கேம் ஒரு படத்தைத் தேடும்போது திருத்தப் பைலை முதலில் பார்க்கும், அடுத்தது எக்ஸ்பான்ஷன், அங்கேயும் இல்லாவிட்டால்தான் மூலம். பழைய பாயைச் சுருட்டாமல் அதன் மேலேயே புதுப்பாய் விரிக்கிற வேலை. கையால் இன்ஸ்டோல் செய்பவர்கள் மூலக் கேம், எக்ஸ்பான்ஷன், பேட்ச் (பிழைதிருத்தம்) என்ற வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதித் தலையிடி குறையும். மூலக் கேம் எந்த போல்டரில் இருக்கிறது என்பதைப் பல இன்ஸ்டோலர்கள் விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். போல்டரை மட்டும் தூக்கி வந்து வைத்தால், கண்ணெதிரே இருக்கிற கேமை 'காணவில்லை' என்று அது சொல்வது அதனால்தான்.

இன்று கேம்கள் பல பத்து ஜிபி. ஒரு படைவீரனின் சட்டை நிறத்தை மாற்றியதற்காக முழுப் பைலையும் திரும்ப இறக்கச் சொன்னால், நடுச்சாமத்துக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவை நம்பி விழித்திருக்கும் நம் பெடியங்கள் என்ன செய்வார்கள்? மாறிய துண்டை மட்டும் அனுப்ப வேண்டும். எது மாறியது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்குப் பிடித்த வித்தை இருக்கிறது. இங்கே கொஞ்சம் ஆறுதலாக நிற்கப் போகிறேன்.

பழைய பைலைச் சம துண்டுகளாக வெட்டி, புதியதையும் அப்படியே வெட்டி ஒப்பிட்டால் என்ன என்று முதலில் தோன்றும். 'கோணேசர்கோயில்வாசல்' என்பதை மூன்று மூன்று எழுத்தாக வெட்டுங்கள்: கோணேச, ர்கோயி, ல்வாச, ல். இப்போது யாரோ முன்னால் ஒரு 'ஸ்ரீ' போட்டுவிடுகிறார். ஸ்ரீகோணே, சர்கோ, யில்வா, சல். ஒரு எழுத்துத்தான் கூடியது. ஒரு துண்டுகூடப் பழையதோடு பொருந்தவில்லை! முழுவதும் மாறிவிட்டதென்று கணினி முடிவு கட்டிவிடும்.

அப்படியானால் புதிய பைலை வெட்டக் கூடாது. அதன் மேல் ஒரு ஜன்னலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ஜன்னலுக்குள் தெரிவது பழைய துண்டுகளில் ஏதாவதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் எழுத்துக்கு நகர்ந்தவுடன் 'கோணேச' வந்துவிடும். பைலில் எழுத்துக்குப் பதில் பைட். சிக்கல் என்னவென்றால், 30 ஜிபி பைலில் ஜன்னல் நிற்கக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 3000 கோடி. ஜன்னல் 1 எம்பி அகலம் என்றால், நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பத்து லட்சம் பைட்டை வாசித்துக் கணக்குப் போட வேண்டும். எந்தக் கணினியும் கையெடுத்துக் கும்பிட்டுவிடும்.

இதற்கு ஒரு வழி 1996இல் வந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர், மெதுவான இணைப்பில் பைல்களை ஒத்திசைக்க 'ஆர்சிங்க்' என்ற முறையை எழுதினார்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

பைலில் 7, 3, 9, 4, 1 என்று எண்கள் இருக்கின்றன. ஜன்னல் நான்கு எண் அகலம். முதல் நிற்பில் 7, 3, 9, 4. கூட்டினால் 23. ஜன்னலை ஒன்று நகர்த்தினால் 3, 9, 4, 1. இதைப் புதிதாகக் கூட்டத் தேவையில்லை. வெளியே போன 7ஐக் கழித்து, உள்ளே வந்த 1ஐக் கூட்டுங்கள்: 17. கொழும்பு பஸ்ஸில் ஒருவர் இறங்கி ஒருவர் ஏறினால், கண்டக்டர் எல்லோரையும் மறுபடி எண்ணுவதில்லையே.

ஆனால் வெறும் கூட்டலுக்கு வரிசை தெரியாது. 3, 9, 4, 1 என்றாலும் 9, 3, 1, 4 என்றாலும் அதற்கு 17தான். அதனால் பக்கத்திலேயே இரண்டாவது கணக்கு ஒன்று: முதல் எண்ணை நான்கால் பெருக்கு, அடுத்ததை மூன்றால், பிறகு இரண்டால், கடைசியை ஒன்றால். 28, 9, 18, 4. மொத்தம் 59. இதில் இடம் மாறினால் விடை மாறும். இதையும் புதிதாகப் போட வேண்டுமா? இல்லை! 59இலிருந்து வெளியே போன 7இன் நான்கு மடங்கைக் கழியுங்கள்: 31. மேலே கிடைத்த 17ஐக் கூட்டுங்கள்: 48. சரிபாருங்கள்: 12, 27, 8, 1. அதே 48.

ஜன்னல் ஓரிடம் நகரும்போது மிச்சமுள்ள ஒவ்வொரு எண்ணின் பெருக்கியும் ஒன்று கூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடுவது என்றால், அவற்றின் கூட்டுத்தொகையை ஒரு தடவை சேர்ப்பதுதானே! புதிதாக வந்த 1உம் அந்த 17க்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. ஜன்னல் நான்கு எண் அகலமா, பத்து லட்சம் எண் அகலமா என்பது ஒரு பொருட்டே இல்லை. எல்லாவற்றுக்கும் அதே நாலைந்து கழித்தல் கூட்டல். முதன்முதலில் இது விளங்கிய இரவில் எழும்பி முற்றத்தில் நடந்தேன் என்றால் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

இந்தச் சின்னக் கணக்கு தற்செயலாகவும் பொருந்தலாம். பொருந்தியது போலத் தெரிந்த இடத்தில் மட்டும், இலகுவில் ஏமாறாத பெரிய கணக்கு ஒன்றைப் போட்டு உறுதி செய்வார்கள். படலையில் காவல்காரர், உள்ளே வாசலில் வீட்டுக்காரர் மாதிரி.

ட்ரிட்ஜெல்லின் 1999ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் பாதி எண்களை வரிசைப்படுத்துவது பற்றி, மீதிதான் இது. 'இதனால் நாட்டுக்கு என்ன உடனடிப் பயன்?' என்று ஒரு கட்டம் போட்ட விண்ணப்பப் படிவத்தில் அவர் எதை நிரப்பியிருப்பார்? நம் பக்கத்தில் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையிடம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம். எனக்கு அதில் கோபம் உண்டு.

சரி, லோஞ்சருக்கு வருவோம். ஒவ்வொரு கம்பனிக்கும் தனிச் சமையல் முறை. ஸ்டீம் என்ற லோஞ்சர், பைல்களை ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. புதிய பதிப்பு ஏற்றப்படும்போதே எந்தத் துண்டு பழையது, எது புதியது என்று பார்த்துவிடுவதால், நம் கணினி புதிய துண்டுகளை மட்டும் இறக்கினால் போதும். தம்பி பார்த்த 400 எம்பி அதுதான்.

பிறகுதான் 30 ஜிபி. பழைய பைலுக்குள்ளேயே வெட்டி ஒட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு புதிய பைலைக் கட்டுகிறார்கள். மாறாத துண்டுகள் பழையதிலிருந்து கொப்பியாகி வரும், மாறியவை டவுன்லோடிலிருந்து. முழுதும் கட்டி முடிந்த பிறகே பழையது அகற்றப்படும். கேமை உருவாக்கியவர்கள் எல்லாவற்றையும் 30 ஜிபி பைல் ஒன்றுக்குள் அடைத்திருந்தால், அதில் பத்து பைட் மாறினாலும் இன்னொரு 30 ஜிபி பைல் கட்டித்தான் ஆக வேண்டும்.

வீண் வேலை போலத் தோன்றும். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போது நான் லோஞ்சர் இல்லாமல் ஒரு பேட்சை ஓடவிட்டிருந்தேன். அது பைலுக்குள்ளேயே எழுதுகிற வகை. பாதியில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கேம் பழைய பதிப்பும் இல்லை, புதிய பதிப்பும் இல்லை. பேட்சைத் திரும்ப ஓடவிட்டால், 'இது நான் எதிர்பார்த்த பைல் இல்லை' என்று மறுத்துவிட்டது. பக்கத்தில் கட்டுகிற முறையில் எந்த நிமிடம் கரண்ட் போனாலும் பழையது பழுதில்லாமல் இருக்கும்.

99 சதவீதத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பதும் இதனால்தான். டவுன்லோட் முடிந்துவிட்டது, டிஸ்க் மூச்சு வாங்கிக்கொண்டு கொப்பி செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த நேரம் பார்த்து நாவூறு என்று தேசிக்காய் வெட்டினார்கள். வெட்டிய கொஞ்ச நேரத்தில் 100 ஆனது. அடுத்த அப்டேட்டுக்கும் தேசிக்காய் தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது தம்பியின் பென் ட்ரைவ். கூட்டாளியிடம் எக்ஸ்பான்ஷனும் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் சேவ் பைல்களை வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கேமை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள், இடம் கிடைத்துவிடும். கூட்டாளியின் கேம் போல்டரை ஸ்டீமின் 'ஸ்டீம்ஆப்ஸ்', அதற்குள் 'காமன்' என்ற போல்டரில் வையுங்கள். பிறகு இன்ஸ்டோலை அழுத்தினால், ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். கேமும் எக்ஸ்பான்ஷனும் உங்கள் கணக்கில் வாங்கியவை என்பதால் அனுமதிப் பிரச்சினை வராது.

ஒன்று கவனம்: பென் ட்ரைவ் ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜிபி பைலைக்கூட ஏற்காது, 30 ஜிபி பைல் எங்கே? எக்ஸ்ஃபாட்டுக்கு ஃபோர்மட் பண்ண வேண்டும். பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். பாஸ்ட் பேப்பர் ஏதும் அதில் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள், தங்கச்சிக்குத் தேவைப்படும்.