ஷாக்கை மாற்றும் முன் உள்ளே இருக்கும் ஆயிலைப் பாருங்கள்

அந்தத் தம்பி தன் ரிமோட் மான்ஸ்டர் ட்ரக்கை என்னிடம் மூன்றாவது முறையாகக் கொண்டு வந்திருந்தார். முதல் முறை முன்பக்க ஷாக் டவர், அதாவது ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பிடித்திருக்கும் தாங்கி, உடைந்திருந்தது, அது பிளாஸ்டிக். இரண்டாவது முறையும் அதேதான். அதனால் அலுமினிய டவர் வாங்கி மாட்டிவிட்டார். மூன்றாவது முறை டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கி நிற்கும் பல்க்ஹெட் விரிந்து போயிருந்தது.

"அண்ணா, இதற்கு மேல் எதைத்தான் மாற்றுவது?" என்று கேட்டார்.

ஷாக்கைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கடையில் கிடைத்ததிலேயே கடினமான ஸ்பிரிங், உள்ளே 80 வெயிட் ஆயில் ('வெயிட்' என்பது கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). "வண்டி கனம், உயரத்திலிருந்து குதிக்கிறது, அதனால் ஷாக் இறுக்கமாக இருந்தால்தானே தாங்கும்" என்பது அவர் கணக்கு. ரிப்பேருக்கு வருகிற பத்து வண்டியில் பாதிக்கு மேல் இதே கணக்கைப் பார்க்கிறேன். ஆனால் தரையில் விழுகிற அடி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஷாக் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் டவர் வாங்கும். டவரை உலோகமாக்கினால் அதற்கு அடுத்துள்ள பாகம் வாங்கும்.

ஷாக்கில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதும் ஸ்பிரிங்கின் வேலை. அந்த அசைவை மெதுவாக்கி, விழுந்த வேகத்தைச் சூடாக மாற்றுவது ஆயிலின் வேலை. பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியே ஆயில் நெருக்கிப் பாய்வதால்தான் அது நடக்கிறது. ஆயில் கசிந்து தீர்ந்த ஷாக்கில் வெறும் ஸ்பிரிங் மட்டுமே மிஞ்சும். வண்டி விழுந்ததும் பந்து போல எகிறிக் கவிழும்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் பிஸ்டனின் துளை. பெரிய துளையும் கெட்டி ஆயிலும் உள்ள ஒரு ஷாக், சிறிய துளையும் இளகின ஆயிலும் உள்ள இன்னொரு ஷாக். கையால் மெதுவாக அழுத்தினால் இரண்டும் ஒரே மாதிரி தோன்றலாம். ஆனால் வேகமான அடியில் சிறிய துளை வழியே ஆயில் போதுமான அளவு பாய முடியாது, ஷாக் ஒரு நொடி பூட்டிக்கொண்டது போல நிற்கும். உயரத்திலிருந்து விழும்போது வயிறு தரையில் மோதாமல் இருக்க இது கொஞ்சம் உதவும். தொடர்ந்து மேடு பள்ளமாக வரும் தரையில் இதே குணம் சக்கரத்தை மேலே ஏற விடாமல் வண்டியைத் துள்ள வைக்கும். தம்பி சிறிய துளை, கெட்டி ஆயில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தார். பெரிய துளை பிஸ்டன் போட்டு, 40 வெயிட் ஆயில் ஊற்றி, ஒரு படி இளகின ஸ்பிரிங் மாட்டினேன். புது ஷாக் வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஆயில் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வெயிட்' என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். பாட்டிலில் சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) அளவு இருந்தால் அதையே நம்புங்கள். 30 வெயிட் என்பது ஏறக்குறைய 350, 40 வெயிட் என்பது ஏறக்குறைய 500. குளிரில் ஆயில் கெட்டியாகும் என்பதால் அப்போது ஒரு படி இளகினது போதும். இன்ஜின் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது இந்த வேலைக்கானது அல்ல, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் சில வகைகள் அதில் ஊறி உப்பிவிடும்.

சரி, எப்போது ஷாக்கையே மாற்றலாம்? வண்டி தரை இறங்கும்போதெல்லாம் ஷாக்கின் பிளாஸ்டிக் மூடி மரையை விட்டுக் கழன்று வந்தால் மாற்றுங்கள். பிஸ்டனைத் தாங்கி உள்ளே போய் வரும் கம்பியான ஷாஃப்ட் மெல்லியதாக இருந்து அடிக்கடி வளைந்தாலும் அப்படியே. டிராக்சஸ் ஸ்டாம்பீட் வண்டி வைத்திருப்பவர்கள் அதன் பிளாஸ்டிக் அல்ட்ரா ஷாக்கை எடுத்துவிட்டு அலுமினிய பிக் போர் ஷாக் போடுவது நல்ல மாற்றம்தான். ஆனால் ஆர்மா க்ராட்டன், அவுட்காஸ்ட் போன்ற 6எஸ் (ஆறு செல் பேட்டரியில் ஓடும்) வண்டிகளில் 16 மி.மீ. விட்டமுள்ள பெரிய ஷாக் ஏற்கெனவே வருகிறது. அதற்குப் பெரும்பாலும் புது ஓ-ரிங்கும் புது ஆயிலும் போதும்.

வாங்கும் முன் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முழுதாக விரிந்த நிலையிலும், முழுதாக அமுங்கிய நிலையிலும். முன்பக்கமும் பின்பக்கமும் பல வண்டிகளில் வேறு நீளம். ஷாக் நீளம் கூடினால் சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்கும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு திருகிக்கொள்ளும், சிலவற்றில் கழன்றே விழும். "உயரமாக நிற்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது" என்று நீள ஷாக் போட்டவர்களின் டிரைவ் ஷாஃப்ட்களை நிறைய மாற்றியிருக்கிறேன்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஷாக்கின் மேல் உள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது. சாதாரண ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது. வண்டி நிற்கிற உயரம் மட்டும்தான் மாறும். கடினம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அல்லது ஷாக்கின் மேல் முனையை டவரில் வெளிப்பக்கத் துளைக்கு நகர்த்துங்கள்.

இனி ஆயில் மாற்றுவது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கை எடுத்து, மூடியைத் திறந்து பழைய ஆயிலைக் கொட்டுங்கள். சாம்பல் நிறத்தில் வந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது என்று அர்த்தம், ஷாஃப்டை ஒரு கண்ணாடி மேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டை வெறும் பிளையரால் பிடிக்கவே கூடாது. மெல்லிய ஒரு கீறல் போதும், புது ஓ-ரிங்கும் கசியத் தொடங்கும். ஷாஃப்டை முழுதாகக் கீழே இழுத்து விளிம்பு வரை ஆயில் ஊற்றுங்கள். பிஸ்டன் ஆயிலுக்கு வெளியே வராதபடி மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, குமிழ்கள் எல்லாம் மேலே வரும் வரை பத்து நிமிடம் நிற்க விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை அவசரப்பட்டு விடுபவர்களே அதிகம். அப்புறம் மூடும்போது ஆயில் கூடுதலாக அடைபட்டால், ஷாஃப்ட் உள்ளே வர இடமில்லாமல் அழுத்தம் ஏறி சீல் வழியாகக் கசியும். உங்கள் மாடலின் கையேடு சொல்லும் நிலையில் ஷாஃப்டை வைத்து மூடினால் மிச்ச ஆயில் தானாக வழிந்துவிடும். மூடியபின் அழுத்தும்போது 'சளக்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, திரும்பத் திறங்கள். அழுத்தி விட்டால் இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்கு வர வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் பேட்டரியையும் பாடியையும் வைத்து வண்டியை ஒரு அடி உயரத்திலிருந்து நேராக விடுங்கள். சக்கரங்கள் இரண்டாம் முறை தரையை விட்டு எழக் கூடாது. சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தரையை லேசாகத் தொட்டால் பரவாயில்லை, 'டங்' என்று மோதினால் ஆயிலை ஒரே ஒரு படி கூட்டுங்கள். முதல் பேட்டரி தீர்ந்ததும் நான்கு ஷாஃப்ட்களையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கசிவு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.