கோகெயின்: பெயரின் தலையும் வாலும்

கோகைன், கொக்கைன், கோகெயின் என்று நாளிதழுக்கு நாளிதழ் ஒரு விதமாக எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் வேர் ஒன்றுதான். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் விளையும் ஒரு செடிக்குக் கெச்சுவா மொழியில் ‘கூக்கா’ என்று பெயர். ஸ்பானியர் வாயில் அது ‘கோக்கா’ ஆனது. நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல, அங்குள்ளவர்கள் அந்த இலையோடு சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். பசியும் களைப்பும் தெரியாது. சாக்லேட் செய்யும் கோகோவுக்கும் இதற்கும் உறவில்லை. அது வேறு மரம், மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்த பெயர்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் என்ற இளைஞர் இலையிலிருந்து வெண்ணிறப் படிகத்தைப் பிரித்தெடுத்து, 1860-இல் ஆய்வேடாக எழுதினார். மார்ஃபின், காஃபின் வரிசையில் ‘கோக்கா’வோடு ‘இன்’ சேர்த்துப் பெயரும் வைத்தார். நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்பதையும் குறித்திருந்தார். அடுத்த ஆண்டே, 26 வயதில், இறந்துபோனார்.

அந்த மரத்துப்போதலை 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவை மருத்துவத்துக்குப் பயன்படுத்தினார். அப்புறம்தான் வேடிக்கை. பெயரின் பின்பாதியான ‘கெய்ன்’ தனியே கழன்று, மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்கெல்லாம் வால் ஆகிவிட்டது: புரோக்கெய்ன், லிக்னோகெய்ன். பல் பிடுங்குமுன் ஈறில் போடும் ஊசி பெரும்பாலும் இந்த லிக்னோகெய்ன்தான். பயப்பட வேண்டாம், பெயரில் மட்டும்தான் சொந்தம். அதில் போதை கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருளின் பெயரைக் ‘கோகெயின்’ என்றே வைத்துக்கொள்ளலாம். வேர்ச்சொல்லே கெச்சுவாவாக இருக்கும்போது அதை மொழிபெயர்க்க முனைவது வீண்வேலை. ஆனால் அது சேரும் வகைக்குத் தமிழ்ச்சொல் தேவை. ‘ஊக்கமருந்து’ என்றால் விளையாட்டு வீரர்கள் சிக்கிக்கொள்ளும் சங்கதிதான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலில் தசை வளர்க்கும் ஸ்டீராய்டும் அடக்கம். நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடும் பொருளுக்குக் ‘கிளர்வூட்டி’ பொருத்தமாக இருக்கிறது. காப்பியில் உள்ள காஃபினையும் அதே சொல்லில் அடக்கலாம். ‘போதைப்பொருள்’ என்பது மயக்கும் அபினையும் முடுக்கும் கோகெயினையும் ஒரே மூட்டையில் கட்டும் சொல். சட்டமும் அப்படித்தான்: இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கோக்கா இலையையும் அபினையும் ஒரே வகையில்தான் வைத்திருக்கிறது.